பால் பாக்கெட்டை இன்னும் கழுவ வேண்டுமா?

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பது மாமியாரின் சுத்தத்தைப் பற்றிய கேள்வி. 2020 மார்ச்சில் அவர் ஆரம்பித்த வழக்கங்கள் எல்லாம் இன்றும் உங்கள் வீட்டில் நடக்கின்றன. பால் பாக்கெட்டுக்குச் சோப்புக் குளியல், காய்கறிக்கு மஞ்சளும் கல்லுப்பும் போட்ட தண்ணீரில் அரை மணி நேர ஊறல், கூரியர் பெட்டிக்கு மொட்டை மாடி வெயில், வெளியே போய் வந்தவர்களுக்குத் தலைக்குக் குளித்த பிறகுதான் கூடத்தில் இடம். செய்தியில் புதிதாக ஒரு வைரஸ் பெயர் வந்தால் பிளீச்சிங் பவுடர் இரண்டு பாக்கெட் கூடுதலாக வந்து சேர்கிறது. இதில் எது தேவை, எதை விடலாம், அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். ஆனால் உங்கள் உண்மையான கேள்வி கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது: இவ்வளவும் செய்தும் 2021 மே மாதம் வீட்டில் ஆறு பேருக்கும் கொரோனா வந்ததே, எப்படி? அதற்கு விடை கிடைத்தால் மற்றதில் பாதி தானாகத் தெளிந்துவிடும். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிலும் இருந்தவன். நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் டாக்டர் இல்லை. அதனால் மாத்திரை, கஷாயம் பக்கம் போகமாட்டேன். கிருமி எங்கே இருக்கும், எப்படி ஆள் மாறும், எதில் சாகும் என்பதுதான் எனக்குத் தெரிந்த தொழில்.

பொருளைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்துக்கு அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. 2020 மார்ச் நடுவில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சிறு ஆய்வு வந்தது. பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் இந்த வைரஸ் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24 மணி நேரம் வரை, செம்பில் 4 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருந்ததாக அதில் சொல்லியிருந்தார்கள். அந்த 72 மட்டும் வாட்ஸப்பில் ஊர் சுற்றியது. பிளாஸ்டிக்கில் ஏறக்குறைய ஏழு மணி நேரத்துக்கு ஒருமுறை வைரஸ் பாதிப் பாதியாகக் குறைந்துகொண்டே வந்தது, மூன்றாவது நாள் கடைசியில் மிச்சமிருந்தது போட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. காற்றில் மிதக்கும் நுண்துளிகளில் வைரஸ் மூன்று மணி நேரமும், அதாவது சோதனை நடந்த நேரம் முழுக்க, உயிர்ப்போடு இருந்தது என்பதும் இருக்கிறது. அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. காற்றை எப்படிக் கழுவுவது? பால் பாக்கெட்டைக் கழுவலாம்.

அதே வருடம் ஜூலையில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் இமானுவல் கோல்ட்மேன், ‘லான்செட்’ குழும இதழ் ஒன்றில், பொருள்கள் வழியாகத் தொற்றும் அபாயத்தை நாம் மிகைப்படுத்துகிறோம் என்று எழுதினார். அவருடைய வாதம் எளிது. ஆய்வகத்தில் ஒரு சிறு பரப்பில் ஊற்றிய வைரஸ் அளவு, நிஜத்தில் ஒருவர் இருமித் தெறிக்கும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். தெறித்தது காயாமல் இருக்க வேண்டும், நாம் உடனே தொட வேண்டும், அந்தக் கை கழுவப்படாமல் மூக்குக்கோ கண்ணுக்கோ போக வேண்டும். இத்தனையும் வரிசையாக நடந்தால்தான் உண்டு. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, கிருமிபட்ட பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று கணக்குச் சொன்னது. இது கிருமி உண்மையிலேயே இருக்கும் பரப்புக்கான கணக்கு. பால்காரர் கதவில் மாட்டிவிட்டுப் போன பாக்கெட்டில் கிருமி இருப்பதே அரிது.

சரி, அப்படியானால் எப்படிப் பரவியது? பெரும்பங்கு மூச்சு வழியாக. இதில் இப்போது ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை கிடையாது. சண்டை நடந்தது 2020-ல். மார்ச் 28 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா காற்றில் பரவுவதில்லை என்றே சமூக ஊடகத்தில் அறிவித்தது. அதற்குள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழுவில் நடந்தது வேறு. மார்ச் 10 அன்று 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தார்கள். வாசலில் சானிடைசர் இருந்தது, கட்டிப்பிடிப்பதையும் தவிர்த்தார்கள். நோய் அறிகுறியோடு வந்தவர் ஒருவர். அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். சீனாவின் குவாங்சௌ நகரில் ஜனவரி 24 அன்று ஜன்னல் இல்லாத ஏசி உணவகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்கு வந்தது. அந்த ஏசிக் காற்றுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வரவில்லை, பரிமாறியவர்களுக்கும் வரவில்லை. தட்டு, டம்ளர் வழியாக என்றால் பரிமாறியவர்களில் ஒருவருக்காவது வந்திருக்க வேண்டும். ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, காற்றுவழிப் பரவலை ஒப்புக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். நம் நாட்டில் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ‘ஜன்னலைத் திறங்கள், காற்றோட்டம் வையுங்கள்’ என்று விளக்கமான அறிவுரை வெளியிட்டது 2021 மே 20 அன்று. உங்கள் வீட்டில் ஆறு பேரும் படுத்திருந்த மாதம். சரியான தகவல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அதில் உங்கள் மாமியார் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

நம்மூர் உதாரணம் கோயம்பேடு. 2020 ஏப்ரல் கடைசியில் அந்தச் சந்தையில் தொற்று வெடித்தது, மே 5 அன்று மூடினார்கள், காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின. லோடு இறக்கியவர்கள், வியாபாரிகள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று மாவட்டம் மாவட்டமாகப் போனது. அந்தச் செய்தியைப் பார்த்துதான் பல வீடுகளில் கத்தரிக்காயைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள். சந்தையில் நடந்ததோ நெரிசலில் முகத்துக்கு முகம் கத்திப் பேசி, லாரியில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே அறையில் பத்துப் பேர் தூங்கியதால் பரவிய தொற்று. கத்தரிக்காய் ஊர் ஊராகப் போனது உண்மை, நோய் ஆட்களோடு போனது. அதே காலத்தில் தமிழ்நாடும் ஆந்திராவும் நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடித் திரட்டிய ஐந்தேமுக்கால் லட்சம் பேரின் விவரத்தை வைத்து 2020 செப்டம்பர் கடைசியில் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. தொற்று வந்தவர்களில் 71 விழுக்காட்டினரிடமிருந்து, கண்டறிந்த அளவில், வேறு யாருக்கும் பரவவில்லை. புதிய தொற்றுகளில் 60 விழுக்காட்டை 8 விழுக்காட்டினர் பரப்பியிருந்தார்கள். பொருள் வழியாகச் சீராகப் பரவும் நோய் இப்படி ஒரே இடத்தில் கொத்தாகக் கொட்டாது. மூடிய இடம், நீண்ட நேரம், பலத்த பேச்சு சேரும் இடத்தில்தான் இந்தக் கொத்து விழும்.

இப்போது உங்கள் வீடு. உங்கள் கணவர் முதலில் படுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே ஒருவர் வைரஸை வெளியிட ஆரம்பித்துவிடுவார். அந்த இரண்டு நாளும் நீங்கள் எல்லாரும் மே மாத வெக்கையில் ஒரே ஏசி அறையில், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறீர்கள். சாமி அறையில் ஏற்றிய சாம்பிராணியின் வாசனை அடுக்களை வரைக்கும் வரும். மூச்சில் வெளியாகும் நுண்துளியும் மூடிய வீட்டுக்குள் அப்படித்தான் போகும், நமக்கு வாசனை தெரியாது என்பதுதான் வித்தியாசம். சாதாரண வீட்டு ஸ்பிலிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு முதல் வருடத்தில் சுமார் 17 விழுக்காடாகவும், டெல்டா வகைக்கு 30 விழுக்காடு அளவிலும் இருந்தது. உங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் வந்தது சராசரியைவிட மோசம்தான். இருந்தாலும் அந்த அறையை நினைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி உறுதி குறைந்த இடம் ஒன்று. நோயாளி இருக்கும் வீட்டுக்குள்ளேயே கையும் கைப்பிடியும் எந்த அளவுக்குப் பங்கு வகிக்கின்றன? லண்டன் வீடுகளில் நடந்து 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளியின் கையில் வைரஸ் தென்பட்ட வீடுகளில் மற்றவர்களுக்கும் தொற்று கூடுதலாக இருந்தது. இதைக் கைதான் காரணம் என்றும் படிக்கலாம். வைரஸை அதிகமாக வெளியிடுகிறவருக்குக் கையிலும் அதிகம் இருக்கும், மூச்சிலும் அதிகம் இருக்கும், இரண்டும் சேர்ந்தே வரும் என்றும் படிக்கலாம். இரண்டில் எது என்று அந்த ஆய்வால் பிரிக்க முடியாது. அதனால் நோயாளி வீட்டில் இருக்கும் நாட்களில் கை கழுவுவதைக் கூட்டுவது நியாயம்; யாருக்கும் நோய் இல்லாத நாளில் பாக்கெட்டைக் கழுவுவதற்கு இந்த ஆய்வு ஆதாரம் ஆகாது.

ஒவ்வொரு வழக்கமாக எடுப்போம். காய்கறி கழுவுவது அவசியம், ஆனால் கொரோனாவுக்காக இல்லை. மண், பூச்சிமருந்து மிச்சம், கீரையில் ஒட்டியிருக்கும் சாக்கடைத் தண்ணீர், புழு முட்டை, டைஃபாய்டு கிருமி இவற்றுக்காக. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவினாலே பெரும்பகுதி போய்விடும். மஞ்சள், உப்புத் தண்ணீர் கெடுதல் செய்யாது, ஆனால் அந்த அளவு உப்பிலும் மஞ்சளிலும் வைரஸ் சாகும் என்று நம்ப இடமில்லை. அழுக்கு போவது ஊறலாலும் தேய்ப்பாலும்தான். சோப்பு, டெட்டால், பாத்திரம் கழுவும் திரவம் இவற்றைக் காய்கறியில் கண்டிப்பாகப் போடக் கூடாது. திராட்சையும் கீரையும் சோப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அது வயிற்றுக்குப் போனால் குமட்டலும் பேதியும்தான். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரி, தக்காளிக்கு ஒருமுறை கூடக் கழுவுங்கள். கொதிக்கப்போகும் சாம்பார்க் காய்க்கு அரை மணி ஊறல் தேவையில்லை.

கூரியர் பெட்டிக்கு வெயில் வேண்டாம். பிரித்து, அட்டையைத் தூக்கிப்போட்டு, கையைக் கழுவினால் முடிந்தது. ரூபாய் நோட்டை இஸ்திரி போட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன்; அதில் நோட்டு சுருங்கியதுதான் மிச்சம். வெளியே போய் வந்ததும் கை, முகம், கால் கழுவுவது நல்ல வழக்கம். வியர்வையும் தூசியும் போகும், தெருவில் செருப்பில்லாமல் நடந்திருந்தால் கால் கழுவுவது இன்னும் அவசியம். தலைக்குக் குளிப்பது உங்கள் விருப்பம். பேருந்தில் பக்கத்து ஆளின் இருமலை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தவருக்கு வீட்டில் குளிப்பதால் அது வெளியே வந்துவிடாது. மார்கழிக் குளிரில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையைத் தலைக்குக் குளிக்கச் சொல்லி அழவைப்பதை மட்டும் உடனே நிறுத்தலாம்.

பிளீச்சிங் பவுடர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூரில் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்து, உள்ளே போகிறவர்கள்மேல் மருந்து தெளித்தார்கள். பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. அந்த மாதமே மத்திய சுகாதாரத் துறை, மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது, அதனால் பலன் இல்லை, கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல் என்று சொல்லிவிட்டது. நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதைத் தடுக்கச் சொன்னது. ஆனால் டிவியில் பார்த்த அந்தப் புகைமூட்டம்தான் பலர் மனதில் ‘சுத்தம்’ என்று பதிந்துவிட்டது. வீட்டில் பிளீச்சிங் பவுடருக்கு வேலை இருக்கிறது, அளவோடு. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குளோரின் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம் போட்டால் 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும், கழிவறைக்கும் தரைக்கும் அது போதும். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு இதை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். சளி, மலம், மண் மேலேயே ஊற்றினால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், கிருமி வரை போகாது. திறந்து வைத்த பாக்கெட்டிலும் குளோரின் பறந்துபோகும். ஈரக்காற்றில் கட்டிதட்டிப்போன பழைய பவுடரை ‘வாசனை அடிக்கிறதே’ என்று நம்பாதீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது: கழிவறையில் ஆசிட் ஊற்றித் தேய்த்துவிட்டு, ‘டபுள் சேஃப்டி’ என்று அதன்மேல் பிளீச்சிங் பவுடரையும் தூவுகிறார், பிறகு அரை மணி நேரம் இருமுகிறார் என்று. பிளீச்சிங்கும் ஆசிடும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப்போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. ஜன்னல் இல்லாத நாலடிக் குளியலறையில் கொஞ்சம் வந்தாலே நுரையீரல் புண்ணாகும். ஆஸ்துமா இருப்பவருக்கு ஆபத்து. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவத்தோடு பிளீச்சிங் சேர்ந்தாலும் நச்சு வாயுதான். அவர் செய்யும் எல்லாவற்றிலும் உயிருக்கு நேரடி ஆபத்து உள்ள காரியம் இது ஒன்றுதான். மற்றதை மெதுவாகப் பேசலாம், இதைப் பேச நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

சானிடைசர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கொரோனா, ஃப்ளூ வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும், 60 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசரும் அதைக் குலைத்துவிடும். தண்ணீர் இருக்கும் வீட்டுக்குள் சானிடைசருக்கு வேலையே இல்லை, சோப்பு போதும். அடுப்பு பக்கத்தில் அதை வைக்காதீர்கள், தடவிய கை காயாமல் கேஸ் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். ‘99.9 விழுக்காடு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து எல்லாக் கிருமிக்கும் ஆகும் என்று நினைக்கவும் வேண்டாம். வாந்திபேதி தரும் நோரோ வைரஸ், கண்வலி தரும் அடினோ வைரஸ் இரண்டுக்கும் அந்தக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் அவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தண்ணீரில் கழுவி விடுவதுதான் வழி.

நோய்க்கு நோய் வழி மாறும். கொரோனாவில் பொருளைப் பற்றிப் பயப்படாதீர்கள் என்று சொன்ன நானே, ‘மெட்ராஸ் ஐ’ வந்தால் பொருளைப் பற்றிப் பயப்படுங்கள் என்பேன். அது பெரும்பாலும் கையால், துண்டால், தலையணை உறையால், ஒரே சொட்டு மருந்துப் பாட்டிலால் பரவுகிறது. அந்த வைரஸ் காய்ந்த பரப்பில் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்கூட இருக்கும். ஆனால் நம் ஊரில் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, துண்டை மட்டும் ஒன்றாகவே பயன்படுத்துவார்கள்! பரவலைத் தடுப்பதில் கண்ணாடியால் ஒரே நன்மை, நோயாளி கண்ணைக் கசக்காமல் இருப்பார். வாந்திபேதி என்றாலும் அப்படித்தான்: வாந்தி எடுத்த இடத்தைத் துடைக்கும்போது கையுறை, பிறகு மேலே சொன்ன பிளீச்சிங் கரைசல், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல். உங்கள் மாமியாரின் உழைப்பு முழுவதும் இங்கே பலன் தரும்.

கை கழுவுவதன் பலனையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல சோதனைகளைத் தொகுத்து ‘காக்ரேன்’ என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023-ல் சொன்னது, கை சுத்தம் சளி, இருமல் வகை மூச்சுத் தொற்றுகளை 14 விழுக்காடு அளவுக்குக் குறைக்கிறது. வயிற்றுப்போக்கை ஏறக்குறைய 30 விழுக்காடு குறைக்கிறது என்பது வேறொரு தொகுப்பு. ஆக, கழிவறை போய்வந்த பின், சமைக்கும் முன், சாப்பிடும் முன், பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பின், இருமித் தும்மிய பின் கழுவும் கைதான் காப்பாற்றும் கை. கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டதற்கெல்லாம் கழுவுவது அந்தக் கணக்கில் சேராது.

அடுக்களையில் நிஜமான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாட்ஸப்பில் அனுப்புவதில்லை. கோழிக்கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவும்போது தெறிக்கும் துளி பக்கத்தில் இருக்கும் நறுக்கிய வெங்காயத்தில் விழும். அதே அரிவாள்மனையில் அடுத்து வெள்ளரிக்காய். பச்சைக் கறியில் இருக்கும் சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர் வகைக் கிருமிகள் கொதிக்கும் குழம்பில் செத்துப்போகும், பச்சடியில் சாகாது. சாலட் காயை முதலில் நறுக்கி மூடிவைத்துவிட்டு, கறியைக் கடைசியில் எடுங்கள். கறியைப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசுங்கள்.

வெங்காயம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2021 மே மாதம், வெங்காயத் தோலில் இருக்கும் கறுப்புப் பொடியும் ஃபிரிட்ஜ் ரப்பரில் படியும் கறுப்பும்தான் ‘கறுப்புப் பூஞ்சை’ நோய் தருகிறது என்று ஒரு செய்தி பரவியது. வெங்காயத்தில் இருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற வேறு பூஞ்சை. அந்த நோய் தந்தவை மியூக்கோர் வகைப் பூஞ்சைகள், அவை மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பவை. கட்டுப்படாத சர்க்கரையும் அதிகமாகக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்தபோதுதான் ஆளைப் பிடித்தன. வெங்காயத்தின் மேல்தோலை உரித்துக் கழுவிப் பயன்படுத்துங்கள், போதும். ஆவி பிடிப்பதும் இந்த வகைதான். மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். நுரையீரலில் இருக்கும் வைரஸை அது தொடாது. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோன சம்பவங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

வீட்டில் யாரும் கவனிக்காத ஓர் இடம், குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஜாலி. 2003-ல் சார்ஸ் நோய் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் முந்நூறு பேருக்கு மேல் தொற்றி, 42 பேரைக் கொன்றது. அந்த ஜாலிக்குக் கீழே இருக்கும் வளைவுக் குழாயில் தண்ணீர் நின்றால்தான் கழிவுக் குழாயின் காற்று உள்ளே வராது. அங்கே பல வீடுகளில் தரையை ஈரத்துணியால் துடைத்ததோடு விட்டதால் அந்த வளைவு காய்ந்துகிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும், நோயாளியின் கழிவு போன அந்தக் குழாயின் காற்று உள்ளே இழுபட்டது. நம் ஊரில் தினமும் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் பயன்படுத்தாத விருந்தினர் குளியலறை இருந்தால் வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். கரப்பானும் நாற்றமும் குறையும்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவை இன்றும் வாசலிலேயே கை கழுவவைத்து, தனி டம்ளரில் காப்பி கொடுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதே வாரம் பெங்களூரிலிருந்து வந்த மைத்துனர் குடும்பம் இருமலோடு கூடத்தில் மூன்று நாள் தங்கியதையும் நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். உறவு என்பதால் வைரஸ் சலுகை காட்டுவதில்லை. வாசல் பக்கத்தில் பாத்திரம் கழுவிவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறவரிடமிருந்து வரும் அபாயத்தைவிட, மூடிய அறையில் மூன்று நாள் சிரித்துப் பேசியவர்களிடமிருந்து வரும் அபாயம் பல மடங்கு. தனி டம்ளருக்குத் தொற்று அறிவியலில் இடம் இல்லை. அது எங்கிருந்து வந்த வழக்கம் என்று நம் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் கை கழுவுவது என்றால் மைத்துனரும் கழுவட்டும்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் இருமலும் வந்தால், முதல் நாளிலேயே செய்ய வேண்டியவை சிலதான். அவருக்குத் தனி அறை, முடியாவிட்டால் ஜன்னலோரப் படுக்கை. எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக் காற்றை வெளியே தள்ளும்படி ஓடட்டும். மின்விசிறி நோயாளியிடமிருந்து உங்கள் பக்கம் வீச வேண்டாம். கவனித்துக்கொள்கிறவர் ஒருவர் மட்டும், முகத்தில் இறுக்கமாகப் படியும் என்-95 முகக்கவசத்தோடு. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த சோதனையில், சர்ஜிக்கல் முகக்கவசம் கொடுத்துப் பழக்கிய கிராமங்களில் நோய் சுமார் 11 விழுக்காடு குறைந்தது. துணி முகக்கவசத்துக்குத் தெளிவான பலன் தெரியவில்லை. ஊர் முழுவதும் பாதிப் பேர்கூடச் சரியாகப் போடாத நிலையில் வந்த கணக்கு இது. ஓர் அறைக்குள் ஒருவர் ஒழுங்காகப் போட்டால் பலன் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது என் ஊகம், சோதனை முடிவு இல்லை.

2025 ஜனவரியில் சென்னையிலும் சேலத்திலும் எச்எம்பிவி என்று செய்தி வந்தபோதும் அவர் பிளீச்சிங் பவுடர் வாங்கியதாகச் சொன்னீர்கள். அது 2001-லேயே நெதர்லாந்தில் கண்டறியப்பட்ட பழைய சளி வைரஸ். நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். கைக்குழந்தை, முதியவர் இருக்கும் வீட்டில் கொஞ்சம் கவனம் தேவை, அவ்வளவுதான்.

அவரிடம் எப்படிச் சொல்வது? ஆய்வுக் கட்டுரையைக் காட்டி வாதாட வேண்டாம். அந்த வருடம் வீட்டைக் காக்கும் பொறுப்பு தன் தலையில் என்று நினைத்து அவர் செய்தவை இவை. எல்லாம் வீண் என்று சொன்னால் எந்த மனிதருக்கும் வலிக்கும். வேலையைப் பறிக்காமல் மாற்றிக் கொடுங்கள். காலையில் எல்லா ஜன்னலையும் திறப்பது, இருமலோடு வரும் விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைப்பது, கறிக்கும் காய்க்கும் தனிப் பலகை, கண்வலி வந்தால் ஆளுக்கொரு துண்டு: இவற்றுக்கு அவரைப் பொறுப்பாக்குங்கள். பால் பாக்கெட்டை 2020-க்கு முன்னால் அவர் வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டுத்தான் வெட்டியிருப்பார். டிரேயில் படிந்த அழுக்குக்கு அது சரியான வழக்கம், அதற்குத் திரும்பினால் போதும்.

அதோடு அவர் கையைப் பாருங்கள். விரல் இடுக்கில் வெடிப்பும் எரிச்சலும் இருந்தால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். வெடித்த தோலில் கிருமி எளிதாகத் தங்கும், அதனால் அதிகமாகக் கழுவுவதே எதிர்மாறாகப் போய்விடும். கழுவுவதில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, கழுவாவிட்டால் பதற்றம் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்றால் அது சுத்தம் தாண்டிய விஷயம். எண்ணச் சுழற்சி நோய் எனப்படும் ஓசிடியாக இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். எழுத்தைப் படித்து அதை நான் சொல்ல முடியாது. மனநல மருத்துவர் சொல்வார், மருந்தும் பேச்சு சிகிச்சையும் நன்றாகவே பலன் தருகின்றன. நேரில் போகத் தயங்கினால் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். அதற்கெல்லாம் நாள் ஆகும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட் பாட்டிலையும் ஒரே அலமாரியிலிருந்து பிரித்து வைப்பதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.